இம்பர்: 47 நாளில் காலியான ஊர்

எதற்காக இந்தப் பதிவு

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நட்டநடுவே இம்பர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தேவாலயம் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஒரு தெருவும் அதையொட்டி ஓர் ஓடையும் இருக்கின்றன. குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. 1943 டிசம்பரில் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

பொதுவாக இந்தக் கதையை, போர்க்காலத்தில் ராணுவம் ஊரைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊரின் தலையெழுத்து பத்துப் பதினைந்து வருடம் முன்பே குத்தகைப் பத்திரம் ஒன்றில் எழுதப்பட்டுவிட்டது என்று தெரிகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் சந்தோஷமாகவே போட்டார்கள். நிலம் எடுப்பு, இடமாற்றம், குத்தகை விவகாரங்களில் வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் முழுசாகவே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட ஊர்க்காரர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஊர் எப்படி இருந்தது

சாலிஸ்பரி சமவெளி என்பது பெயருக்குத்தான் சமவெளி. உண்மையில் அது புல் மூடிய சுண்ணாம்புக்கல் மேடு, அலை அலையாக ஏறி இறங்கும். அந்த மேடுகளுக்கு நடுவே ஒரு மடிப்பில் ஒளிந்திருந்தது இம்பர். எந்தப் பட்டணத்திலிருந்தும் ஏழு மைல் என்று ஊரைப் பற்றி உள்ளூரில் ஒரு பாட்டுத் துணுக்கே உண்டு. பக்கத்திலிருந்த வார்மின்ஸ்டருக்கும் டிவைசஸுக்கும் போய்வர வேண்டுமானால் ஆளரவமற்ற மேட்டு நிலத்தைக் கடந்தாக வேண்டும்.

தெரு ஒன்றுதான். அதன் ஓரமாக ஓடிய ஓடைக்கு 'டாக்' என்று பெயர். சுண்ணாம்பு மேட்டு ஓடைகளின் குணம் அதற்கும் உண்டு: மழைக்காலம் முடிந்து நிலத்தடி நீர் ஏறும்போது தண்ணீர் வரும், கோடையில் வறண்டுவிடும். அதன் இரு பக்கமும் வீடுகள், பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணைக் குழைத்து எழுப்பிய சுவரும் வைக்கோல் கூரையுமாக. இந்த வகைச் சுவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, தலை நனையக்கூடாது. கூரை சரியாக இருக்கும்வரை நூறு இருநூறு வருடம் நிற்கும். கூரை போனால் சில மழைக்காலங்களில் கரைந்து மண்ணாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிழைப்பு ஆடும் தானியமும். பகலில் ஆடுகள் மேட்டுப் புல்லை மேயும். இரவில் கீழே உழவு நிலத்தில் கொண்டுவந்து அடைப்பார்கள். நம்மூரில் கிடை போடுவது என்கிறோமே, அதேதான். மேய்ச்சலின் சத்து புழுக்கையாக வயலில் இறங்கும். மேல்மண் மெல்லிசாக இருக்கிற சுண்ணாம்பு நிலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தானியம் விளைந்ததற்கு இந்தக் கிடைதான் காரணம். மேய்ச்சல் மேடும் உழவு நிலமும் சேர்ந்திருந்தால்தான் ஊர். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது.

1086-ல் வில்லியம் மன்னன் எடுத்த நிலக் கணக்கிலேயே இம்பர் இருக்கிறது. புனித ஜைல்ஸ் தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் கோபுரத்தின் உட்சுவரில் 1692-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் எழுத்து இருக்கிறது. சாமி சம்பந்தப்பட்டதல்ல, மணி அடிக்கும் முறை. இங்கிலாந்தில் தேவாலய மணிகளை ராகம்போல அடிப்பதில்லை. ஆளுக்கொரு மணிக்கயிறு. ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாறிக்கொண்டே போகும், கணக்குத் தவறக்கூடாது. அந்த வரிசையைக் கயிறு இழுப்பவர்கள் பார்த்து அடிப்பதற்காகச் சுவரில் வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இம்பரின் மிக முக்கியமான ஆவணம் இந்தச் சுவர்தான். ஒரு தலைமுறை அடித்துவிட்டு அடுத்த தலைமுறைக்கு எழுதி வைத்த குறிப்பு அது. ஊர் தொடர்ந்து இருக்கும் என்ற நினைப்பு இல்லாமல் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களின் குணம் தெரியும். 1839 அக்டோபர் 21 மாலை, இம்பர் விவசாயி ஒருவர் டிவைசஸிலிருந்து குதிரையில் வந்துகொண்டிருந்தார். மேட்டு நிலத்தில் நான்கு பேர் மறித்துப் பணத்தைப் பிடுங்கினார்கள். அவர் வீட்டுக்குப் போய் அழவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மணிக்கணக்கில் துரத்தினார். ஓடியவர்களில் ஒருவன் ஓட்டத்திலேயே சுருண்டு விழுந்து செத்தான். மற்ற மூவரும் பிடிபட்டு, 15 வருடம் நாடு கடத்தப்பட்டார்கள். வழிப்பறி நடந்த இடத்திலும் அவன் செத்து விழுந்த இடத்திலும் ஊர் மக்கள் பணம் போட்டு எச்சரிக்கைக் கல் நட்டார்கள். அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. 20 பவுண்டு சொச்சத்துக்காக இருட்டில் மேடெல்லாம் துரத்திய ஊர், நூறு வருடம் கழித்து வீடு வாசலை விட்டு ஏறக்குறைய சத்தமில்லாமல் கிளம்பியது. அது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

1851-ல் ஊரில் 440 பேர். இதுதான் உச்சம். 1943-ல் சுமார் 150. ஊர் ஏற்கெனவே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியாக இருக்காது.

நிலம் கைமாறியது

ராணுவம் சாலிஸ்பரி சமவெளியில் நிலம் வாங்க ஆரம்பித்தது 1897-ல். பீரங்கிகளின் வீச்சு கூடிக்கொண்டே போனது, பயிற்சிக்கு விரிந்த இடம் வேண்டும். அந்த நேரத்தில் மேட்டு நிலம் சல்லிசாகக் கிடைத்தது. 1870-களிலிருந்தே அமெரிக்கத் தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் ஆங்கிலேய விவசாயம் படுத்திருந்தது. முதல் உலகப் போர் சமயத்தில் கொஞ்சம் எழுந்து, 1920-களில் மறுபடியும் விழுந்தது.

இம்பரைச் சுற்றியிருந்த பண்ணைகளைப் போர் அமைச்சகம் மொத்தமாக வாங்கியது 1920-களின் கடைசியிலும் 1930-களின் தொடக்கத்திலும்தான். யாரையும் மிரட்டவில்லை. சந்தையில் வாங்க ஆளில்லாத நிலத்துக்கு நல்ல விலை கொடுத்தார்கள். விற்றவர் அதே நிலத்தில் குறைந்த குத்தகைக்கு விவசாயம் செய்துகொண்டே இருக்கலாம். கடன் அடையும், கையில் காசு இருக்கும், மறுநாள் காலையில் அதே வயல், அதே ஆடு. யார் வேண்டாம் என்பார்கள்? அந்த விவசாயிகளின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் விற்றிருப்பேன்.

அந்தக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ராணுவத்துக்குத் தேவைப்பட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குறைந்த குத்தகைக்கு உண்மையான விலை இதுதான். ஆனால் அந்த விலை என்றைக்கு, எவ்வளவு என்று யாரும் கேட்டுவைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. விற்பனையில் உட்கார்ந்து பேசியவர்கள் நில உடைமையாளர்கள். ஊரில் பெரும்பான்மையோ பண்ணைக் கூலிகள், மேய்ப்பர்கள், சின்னச் சின்ன வேலை செய்பவர்கள். அவர்கள் குடியிருந்த வீடுகள் பண்ணையோடு சேர்ந்தவை, பண்ணை கைமாறினால் வீடும் கைமாறும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அன்றைய வழக்கப்படி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வாடகை வாங்கும் ஆள் மாறியதுதான் அவர்களுக்குத் தெரிந்த மாற்றம்.

போர் தொடங்கும்போது தேவாலயம், பாதிரியார் வீடு, பாப்டிஸ்ட் கூடம், பள்ளி அறை, பெல் மதுக்கடை போன்ற சில கட்டடங்களைத் தவிர ஏறக்குறைய ஊர் முழுவதும் போர் அமைச்சகத்தின் சொத்து. ஊருக்குள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1938-ல்கூட அங்கே உள்ளாட்சிக் குடியிருப்பு வீடுகள் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் காலியாகப்போகிற ஊரில் யாராவது புது வீடு கட்டுவார்களா?

குண்டுச் சத்தத்துக்கு நடுவே

சுற்றிலும் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது. ஆபத்து ஒன்றும் கற்பனை இல்லை. 1942 ஏப்ரல் 13 அன்று, இம்பருக்குப் பக்கத்து மேட்டில் விமானத் தாக்குதல் செய்முறை ஒத்திகை ஒன்று நடந்தது. பிரதமர் சர்ச்சில் பார்க்க வருவதற்கு முன்னோட்டம் அது. வானம் மங்கலாக இருந்ததில் ஒரு ஹரிகேன் விமானி, பார்வையாளர் கூட்டத்தைப் பொம்மை இலக்கு என்று நினைத்துச் சுட்டுவிட்டார். 25 பேர் இறந்தார்கள், 71 பேருக்குக் காயம். எல்லாம் ராணுவத்தோடு தொடர்புடையவர்கள்.

ராணுவத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் சிக்கல் எளிமையானது. பெரிய பயிற்சிக் களத்துக்கு நடுவே 150 பேர் வசிக்கிறார்கள். நிஜக் குண்டு போட்டுப் பழக வேண்டுமானால் அந்த ஊரைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தை விட்டுவிட வேண்டும். 1943-ல் தெற்கு இங்கிலாந்து முழுக்க அமெரிக்கப் படைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன, அடுத்த வருடம் பிரான்ஸ் கரையில் இறங்க வேண்டும். இடம் போதவில்லை.

1943 நவம்பர் 1

அன்று ஊர் மக்களைப் பள்ளி அறைக்கு வரச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்கு ஊர் தேவைப்படுகிறது, 47 நாளில் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்று சொன்னார்கள். கடைசித் தேதி டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள் முன்பு.

47 நாளில் ஒரு விவசாயி என்ன செய்ய முடியும்? ஆடு மாடுகளை, கருவிகளை, தீவனத்தை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். புதிதாக ஒரு பண்ணை கிடைக்க வேண்டும், அதுவும் போர்க்காலத்தில், குளிர்காலத்தில். கூலிக்காரருக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போனது. இழப்பீடு என்று கொடுத்தது சொற்பம். சட்டப்படி அவர்கள் வாடகைதாரர்கள், வாடகைதாரருக்கு என்ன பெரிய இழப்பீடு!

பெரும்பாலானோர் எதிர்க்கவில்லை. நாட்டுக்குச் செய்யும் கடமை என்று நினைத்தார்கள். போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றும் நம்பினார்கள். சிலர் சமையலறை அலமாரியில் டப்பா உணவுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ரேஷன் நடக்கும் காலத்தில் டப்பா உணவை யாரும் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். திரும்பி வரப்போகிறோம் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒரே ஒரு பண்ணையில் மட்டும் குடும்பத்தைப் பலவந்தமாக வெளியேற்ற வேண்டி வந்தது.

ஊர்க் கொல்லர் 40 வருடத்துக்கு மேல் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். செய்தி வந்த பிறகு பட்டடைக்கல்லின் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்த அவரை வீட்டார் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஊரைவிட்டுப் போன சில வாரங்களிலேயே இறந்துபோனார். மனசு உடைந்து செத்தார் என்பது ஊர்ப் பேச்சு, மருத்துவக் காரணம் வேறாக இருக்கலாம். எது எப்படியோ, புதைப்பதற்கு இம்பருக்கே கொண்டுவந்தார்கள். வெளியேறியவர்களில் அப்படித் திரும்பிய முதல் ஆள் அவர்தான்.

சொன்னார்களா, சொல்லவில்லையா

திரும்பி வரலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள் என்று ஊர்க்காரர்கள் கடைசிவரை சொன்னார்கள். காலி செய்யும் வேலையில் ஈடுபட்ட படைவீரர்களில் சிலரே பின்னாளில் அதை ஆமோதித்தார்கள். ஆனால் அரசைக் கட்டிப்போடும்படியாக ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை.

என் ஊகம் இது: யாரும் ஏமாற்றும் எண்ணத்தோடு பேசியிருக்கமாட்டார்கள். கூட்டம் கலங்கிப்போய் நிற்கிறது. எதிரே நிற்கும் அதிகாரிக்கும் மனசு இருக்கிறது. "சண்டை முடிஞ்சதும் வந்துடலாம்" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை. சொன்னவருக்கு அது ஆறுதல், கேட்டவருக்கு அது ஒப்பந்தம். அந்த அதிகாரிக்கு அப்படி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்று அந்த அறையில் யார் கேட்டிருப்பார்கள்? எழுத்தில் இருந்ததோ குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனை மட்டும். வாய்ச்சொல்லும் பத்திரமும் மோதினால் எது ஜெயிக்கும் என்று நமக்குத் தெரியாததா?

போர் முடிந்த பிறகு

1945-ல் போர் முடிந்தது. ஊர்க்காரர்கள் திரும்பக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். ஜெர்மனி தோற்றாலும் படையின் தேவை குறையவில்லை, சோவியத் யூனியனோடு உரசல் ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் நிலம், நடுவில் ஆளில்லாத ஒரு நிஜ ஊர். தெருச் சண்டைப் பயிற்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

இப்போது அந்த மண் சுவர்களுக்கு வருவோம். குண்டு விழுந்து சில வீடுகள் போயின, ஆனால் மழையும் அதன் வேலையைச் செய்தது. கூரை பிரிந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வருடம் போகப் போக, ஊரைத் திருப்பிக் கொடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. இடிந்துவிட்டது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற வாதம் பிறந்தது. இடிந்ததே திருப்பிக் கொடுக்காததால்தான் என்று சொல்லக்கூடியவர்கள் அதற்குள் பல ஊர்களில் சிதறிப் போயிருந்தார்கள்.

1961

ஜனவரி 22 அன்று இம்பருக்குள் ஒரு பெரிய கூட்டம் நுழைந்தது. 2,000 பேருக்கு மேல். பழைய ஊர்க்காரர்கள், சுற்றுவட்டார மக்கள், மேட்டுப் பாதைகளில் நடக்கும் உரிமை போய்விடக்கூடாது என்று நினைத்தவர்கள் என எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். அதே வருடம் பொது விசாரணை நடந்தது. முடிவு ராணுவத்துக்குச் சாதகமாக வந்தது.

முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. விவகாரம் பிரபுக்கள் சபை வரை போனது. தேவாலயத்தைப் பராமரிப்பது, ஆண்டுக்கொரு முறை புனித ஜைல்ஸ் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை வழிபாட்டுக்குத் திறப்பது என்று முடிவானது. ஊரின் பெயர் இன்றுவரை புழக்கத்தில் இருப்பதற்கு அந்த ஒரு சனிக்கிழமை பெரிய காரணம். 1970-களில் பாதுகாப்புத் துறை நிலங்களைப் பற்றி நியுஜென்ட் பிரபு தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. வாக்குறுதியைப் பற்றி மறுபடியும் பேசினார்கள். இம்பரை ராணுவமே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்தக் குழுவும் சொன்னது. அந்தப் பத்தாண்டிலேயே பாப்டிஸ்ட் கூடமும் போயிற்று. வட அயர்லாந்துக்குப் போகும் வீரர்கள் தெருவில் பழகுவதற்காக உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகளாகப் புது வீடுகளைக் கட்டினார்கள்.

அதே டிசம்பர், வேறு இரண்டு இடங்கள்

இம்பரை மட்டும் பார்த்தால் பத்திரம்தான் எல்லாம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். அதே மாதம் காலியான வேறு இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை.

டெவன் கடற்கரையில் ஸ்லாப்டன் பக்கம், சவுத் ஹாம்ஸ் பகுதியில் சுமார் 3,000 பேர் 1943 டிசம்பரில் வெளியேறினார்கள். 30,000 ஏக்கர். நார்மண்டித் தரையிறக்கத்துக்கு அமெரிக்கப் படைகள் ஒத்திகை பார்த்தது இங்கேதான். இது ராணுவத்தின் சொந்த நிலம் அல்ல, போர்க்காலச் சட்டத்தின் கீழ் தற்காலிகமாக எடுத்தது. ஒத்திகை முடிந்தது, 1944-லேயே மக்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். சுவரில் ஓட்டை, வயலில் வெடிக்காத குண்டு, தோட்டமெல்லாம் களை. ஆனாலும் ஊர் ஊராகவே திரும்பியது.

சரி, அப்படியென்றால் சொந்தப் பத்திரம் இருந்தால் தப்பிக்கலாமா? டோர்செட் கடற்கரையின் டைன்ஹாமைப் பாருங்கள். 1943 டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும் என்று ஒரு மாதம் முன்பு கடிதம் வந்தது. 225 பேர். நிலம் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் சொத்து, ராணுவத்துக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. கிளம்பும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று. 1948-ல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்திக்கொண்டது. வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு, தோட்டத்தில் விட்டுவந்த காய்கறிகளின் மதிப்பு.

ஸ்லாப்டனுக்கும் டைன்ஹாமுக்கும் என்ன வேறுபாடு? டைன்ஹாமுக்குப் பக்கத்திலேயே லல்வொர்த் டாங்கிப் பயிற்சிக் களம், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே இருக்கிறது. ஸ்லாப்டனுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. படைகள் பிரான்ஸுக்குப் போன மறுநாள் அந்தக் கடற்கரையால் யாருக்கும் பயன் கிடையாது. ஆக, நிலம் எடுப்பவருக்கு அமைதிக் காலத்திலும் அங்கே வேலை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பத்திரம் இரண்டாவது. இம்பருக்கு இரண்டுமே பாதகமாக இருந்தன.

மறுபடியும் நடந்தால் எதை மாற்றலாம்

முதலில், விற்பனை நேரம். நிலத்தை விற்றே ஆக வேண்டிய நிலை இருந்தது, அதை மாற்ற முடியாது. ஆனால் வீடுகளை வயலிலிருந்து பிரித்திருக்கலாம். மேய்ச்சல் மேடும் வயலும் ராணுவத்துக்கு, தெருவும் வீடும் ஊருக்கு என்று இருந்திருந்தால் 1943-ல் வெளியேற்றம் நடந்திருக்கும், ஆனால் அது ஸ்லாப்டன்போலத் தற்காலிக எடுப்பாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் கட்டாயக் கையகப்படுத்தல் வந்திருக்கலாம். வந்தாலும் விசாரணை, விலை, எதிர்வாதம் என்று ஒரு வழி இருந்திருக்கும். வாடகைதாரருக்கு அந்த வழியே திறக்கவில்லை.

பள்ளி அறையில் நடந்த கூட்டத்துக்கு ஒரு எழுத்துப் பதிவு வேண்டும். எந்தத் தேதியில் மறுபரிசீலனை, யார் முடிவெடுப்பார், வீடுகளின் கூரையை யார் பார்த்துக்கொள்வார் என்று மூன்றே கேள்விகள் கேட்டிருந்தால் போதும். பதில் 'தெரியாது' என்று வந்திருந்தால்கூட, டப்பா உணவை விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது: போனவர்கள் சிதறிவிட்டார்கள். சங்கம் இல்லை, பட்டியல் இல்லை. ஊர் கேட்டு ஒரு பெரிய கூட்டம் திரள 1961 வரை ஆயிற்று, அதற்குள் 17 வருட மழை பெய்து முடிந்திருந்தது. இடம்பெயர்ந்த முதல் ஆண்டிலேயே சேர்ந்து கேட்பதற்கும், சுவர் கரைந்த பிறகு கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ராணுவத்தின் வாதம் பயன்படுத்திக்கொண்டது.

அரசுத் தரப்புக்கும் ஒரு வார்த்தை. போர்க்கால முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமைதிக் காலத்தில் அதைத் தொடர்ந்ததற்கு ஒரு வெளிப்படையான விசாரணை போர் முடிந்த உடனேயே வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

தேவாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் சுற்றிக் கம்பி வலை வேலி. வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், சாலையைவிட்டு இறங்காதீர்கள் என்று வழியெல்லாம் பலகைகள். ராணுவம் அனுமதிக்கும் சில நாட்களில் மட்டும் பாதை திறக்கும். தேவாலயம் 2005 முதல், வழக்கமான வழிபாடு நின்றுபோன தேவாலயங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கிருந்த பழைய கல்லறைச் சிலைகள் பக்கத்து எடிங்டன் தேவாலயத்துக்குப் போய்விட்டன. 1692-ஆம் ஆண்டு மணி வரிசை மட்டும் சுவரிலேயே இருக்கிறது, சுவரைப் பெயர்த்தா எடுத்துப் போக முடியும்?

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்திருக்கிறது. உரமும் பூச்சிமருந்தும் படாததால் சாலிஸ்பரி சமவெளியின் சுண்ணாம்புப் புல்வெளி வடமேற்கு ஐரோப்பாவிலேயே பெரிதாக எஞ்சி நிற்கிறது. டாங்கிகளின் தடங்களில் மழைநீர் தேங்கும் குட்டைகளில் ஒரு வகைக் குட்டி இறால் வாழ்கிறது. குட்டை வற்றினால் முட்டை சேற்றில் கிடக்கும். அடுத்த டாங்கி அந்தச் சேற்றை அப்பிக்கொண்டுபோய் வேறு குட்டையில் சேர்க்கும். முன்பு இதே வேலையை ஆட்டு மந்தையும் மாட்டு வண்டியும் செய்துகொண்டிருந்திருக்கலாம்.

2009 முதல் ஆண்டுக்கு ஒருநாள் வார்மின்ஸ்டரிலிருந்து இம்பருக்குப் பேருந்து விடுகிறார்கள். லண்டனில் ஓடிய பழைய சிவப்பு மாடிப் பேருந்துகள். கூட்டம் நிரம்பி வழிகிறது. ஏழு மைல் தள்ளி ஒதுங்கிக் கிடந்த ஊருக்கு, ஆள் இருந்த காலத்தில் மாடிப் பேருந்து எதுவும் வந்ததில்லை.